கழற்றாத கம்பி

சூசைமரியானுக்கு அவன் மச்சினன் பெனோவைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடிக்கும். அவனுக்குப் பெண் பார்க்கத் தேவகோட்டைக்கும் சிவகங்கைக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்தது சூசைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பெனோ சாப்பிட வரவில்லை என்றால் கறிக்குழம்பில் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்வதும் அவன்தான். ஆனால் அதே பெனோ தலையில் ஹெல்மெட்டை மாட்டி, பக்கத்து சீட்டில் தன் அக்காள் சகாயராணியை உட்காரவைத்து, அந்த வெள்ளை ஜென் காரைக் கிளப்பும்போது மட்டும் சூசைக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். அந்த அக்காள் சூசையின் பெண்டாட்டி. அந்தக் கார் சூசை தன் கையால் ராலிப் பந்தயத்துக்குத் தயார் பண்ணின கார். அந்த டிரைவர் சீட்டு போன வருசம் வரைக்கும் சூசையின் சீட்டு. எரியாமல் என்ன செய்யும்?

சகாயராணி காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மற்ற நாளில் சாக்பீஸ், ராலி வந்தால் ஹெல்மெட். ராலியில் ஓட்டுகிறவன் பாதையைப் பார்த்து மட்டும் ஓட்டுவதில்லை; பக்கத்தில் இருப்பவர் வாயைக் கேட்டும் ஓட்டுகிறான். அடுத்த வளைவு இடதா வலதா, பெரிதா சின்னதா, அதற்கு அப்பால் பள்ளமா மேடா என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரவேண்டும். சூசை ஓட்டின காலமெல்லாம் சொன்னது சகாயராணிதான். அவள் வாயில் ஒரு தப்பு வந்ததில்லை. போன வருசம் அவன் முதுகுத்தண்டில் டிஸ்க் நழுவியது. மதுரை டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே ராலி கார்ல ஏறுனீங்கன்னா ஸ்ட்ரெச்சர்லதான் எறங்குவீங்க" என்றார். அப்படித்தான் சீட்டு பெனோவுக்குப் போனது. சாவியை எடுத்துக் கொடுத்ததும் சூசைதான். பல் தெரியச் சிரித்துக்கொண்டே கொடுத்தான், பாவம்.

தொண்ணூற்றாறு, தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு மாவட்ட மோட்டார் கிளப் சாக்கோட்டைக்கு அங்குட்டு உள்ள தைலமரக் காட்டில் ராலி வைத்திருந்தது. அந்தக் காட்டுப் பாதையில் சூசை ஒரு தடவை எடுத்த நேரத்தை அன்றுவரை எவனும் முறியடித்ததில்லை. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் முட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதுகு போனாலும் அந்த நேரம் போகவில்லை என்பதுதான் அவனுக்கு மிச்சமிருந்த ஆறுதல்.

அக்காளும் தம்பியும் வீட்டு ஹாலிலேயே பழக ஆரம்பித்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இரண்டு நாற்காலியை நெருக்கிப் போட்டு, பெனோ ஓர் எவர்சில்வர் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொள்வான். சகாயராணி பாதையைக் குறித்து வைத்த பேப்பரைப் பார்த்து வளைவுகளைச் சொல்லுவாள். சூசை அடுப்படியில் காபி ஆற்றுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். அவன் ஓட்டின காலத்தில் அவள், "பெரிய எடது வருது, விடாதீக" என்பாள், பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் பேசுவதுபோல. தம்பியிடம் கதையே வேறு.

"டேய், பெரிய எடதுடா! அமுக்குடா! பயந்தாங்கொள்ளி, அமுக்குடான்னா!"

தட்டு கீழே விழும். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இத்தனை வருசத்தில் என்னோடு காரில் வந்தபோது இவள் ஒரு தடவையாவது இப்படிச் சிரித்தாளா? சூசை யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒரு தடவை கூட ஞாபகம் வரவில்லை. கூடப்பிறந்தவனோடு சிரிப்பதற்கெல்லாம் பொறாமைப்படுகிறவன் மனுசனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டினால் மட்டும் போய்விடுமா? காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

இப்போது அந்தக் கம்பி விசயத்துக்கு வருவோம். ஜென் முன்சக்கரம் இழுத்து ஓடுகிற கார். இந்த மாதிரிக் காரெல்லாம் மண்பாதை வளைவில் வேகமாய்ப் போனால் மூக்கைத் திருப்ப அடம் பிடிக்கும். அதற்காக சூசை ஒரு வேலை செய்திருந்தான். காயலான் கடையில் எடுத்த ஒரு பழைய வண்டியின் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, பின் அச்சுக்குக் குறுக்கே போட்டு, இரண்டு முனையிலும் போல்ட் வைத்து இறுக்கினான். கம்பி இருந்தால் வளைவில் காரின் பின்பக்கம் சாயாது. சாயாததால் பாரமெல்லாம் வெளிப்பக்கத்து டயரின் தலையில் விழும், அது மண்ணில் பிடிப்பை விட்டுவிடும். அப்புறம் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும், வால் வெளியே வீசிக்கொண்டு வந்து மூக்கு தானாக உள்ளே திரும்பும். அந்த நொடியில் மறுபடி மிதிக்க வேண்டும். மிதித்தால் முன்சக்கரம் காரை இழுத்து நேராக்கிவிடும். மிதிக்கப் பயந்தால் வால் நிற்காது, கார் முழுசாகச் சுற்றிவிடும்.

சூசை மிதிப்பான். பெனோ மிதிக்க மாட்டான். கார் சறுக்கும்போது காலை எடுப்பதுதானே மனுசராய்ப் பிறந்த எல்லோருக்கும் வருகிற புத்தி? பயிற்சிக்குப் போன முதல் நாளே கார் சுற்றி, வந்த பாதையைப் பார்த்து நின்றது. மறுநாள் ஒரு தைலமரத்தை பம்பர் உரசிக்கொண்டு போனது. சகாயராணி உட்காரும் பக்கம்.

"மச்சான், பின்னாடி ரொம்ப வீசுது மச்சான்," என்றான் பெனோ, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. முகம் வெளுத்திருந்தது. "என்னால புடிக்க முடியல. அந்தக் கம்பியக் கழட்டிருங்க. ஸ்பிரிங்கையும் கொஞ்சம் மெத்துன்னு போட்டுப் பாப்போம்."

"வண்டில தப்பில்ல மாப்ள. கால்ல தப்பு," என்றான் சூசை.

"எங்காலு இப்படித்தான மச்சான் வேலை செய்யுது. வேற காலுக்கு எங்குட்டுப் போறது?"

பக்கத்தில் நின்ற லேத் பட்டறை வீரையா கெக்கெக்கென்று சிரித்தான். வீரையா சூசையோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன். "ஏப்பா சூச, அவன் காலுக்குத் தக்கனதான வண்டி தைக்கணும்? ஒன் சட்டைய அவனுக்குப் போட்டுவிட்டா எப்படி?" என்றான். சூசைக்குக் காதில் புகை வந்தது. அது என் சட்டைதான், நான் செத்தா போனேன் என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

சகாயராணி சண்டை போடவில்லை. அன்றைக்குச் சோறு போடும்போது, "அவனுக்காகச் சொல்லல. நானும் அதுலதான் உக்காந்து வாரேன். கழட்டிருங்க," என்று மட்டும் சொன்னாள். அவனும் சரி என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் காரைக்குடி செக்காலையில் சூசை தன் மெக்கானிக் பட்டறையில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினான். வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகவே செய்தான். பின்பக்கத்து ஸ்பிரிங்கைக் கழற்றி விறைப்புக் குறைந்த ஸ்பிரிங் போட்டான். ஷாக் அப்சார்பரைப் பிரித்து, கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு இளகின எண்ணெய் ஊற்றினான். பள்ளத்தில் டயர் கீழே இறங்கித் தரையைத் தொட இனிமேல் தாமதம் ஆகாது. பின் டயரில் காற்றைக் குறைத்தான். கடைசியாகக் கம்பிக்கு வந்தான். போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். கை திரும்பவில்லை.

இந்தக் கம்பியையும் கழற்றிவிட்டால் கார் பெனோவின் கார். அவன் காலுக்கு அது வாலாட்டாமல் போகும். அவன் பயம் போய்விடும். அக்காள் அமுக்குடா என்பாள், அவன் அமுக்குவான், தைலமரக் காட்டில் சூசையின் நேரம் முறிந்துபோகும். அப்புறம் சூசை யார்? பின்னாலிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவன். இவ்வளவு செய்தாயிற்றே, இது ஒன்று இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். வந்தவன் ஜாக்கியை இறக்கியும்விட்டான்.

ராலிக்கு முந்தின நாள் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து காரை மந்திரிப்பது அவர்கள் வழக்கம். அன்று சாயந்தரமே சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பானெட்டில், கதவில், சக்கரத்தில். பெனோ தலையைக் குனிந்து நின்றான். தெளித்து முடியும் நேரத்தில் சகாயராணி புருசன் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"கம்பியக் கழட்டிட்டீகள்ல?"

"கழட்டியாச்சு," என்றான் சூசை.

தீர்த்தத் தண்ணி அவன் முகத்திலும் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. துடைத்துக்கொண்டான். சகாயராணி தம்பியைப் பார்த்து, "கழட்டிட்டாராம்டா. இனிமே பயப்படாம ஓட்டு," என்றாள். பெனோ ஓடி வந்து மச்சான் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்த நேரம் சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று, மத்தியானம் அதே பாதையில் இன்னொரு சுற்று, நடுவில் வண்டியைச் சரிபார்க்கக் கொஞ்ச நேரம். காட்டை ஒட்டின கண்மாய்க்குக் கீழே பொட்டலில் தார்ப்பாய் விரித்து சூசை காத்துக்கிடந்தான். தூரத்தில் காட்டுக்குள் எஞ்சின் சத்தம் கேட்கும், அடங்கும், மறுபடி கேட்கும். ஒவ்வொரு தடவை அடங்கும்போதும் எழுந்து நின்று காட்டுப் பக்கம் காது கொடுத்தான். அவர்கள் வேகமாகப் போகக்கூடாது என்றும் நினைத்தான், அவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றும் நினைத்தான். இரண்டையும் ஒரே மனசுதான் நினைத்தது. என்ன மனசோ!

வீரையா மொபெட்டில் மண் பறக்க வந்து நின்றான்.

"ஏப்பா, கண்மாய் மடை வளைவுல ஒன் வண்டி போன போக்கு! வாலு அப்படியே வெளிய வந்து பின் சக்கரம் கரையத் தாண்டிருச்சு. கீழ கண்மாய் நெறயத் தண்ணி. உள்ள விழுந்துச்சுன்னுதான் நெனச்சோம். கருவேலம் பொதர் பிடிச்சு நிறுத்துச்சு. நாலு பேரு தூக்கி விட்டோம்."

"அவளுக்கு?"

"டீச்சருக்கு ஒண்ணுமில்ல. இறங்கக்கூட இல்லையே. உக்காந்த எடத்துலயே பேப்பரப் பிடிச்சுக்கிட்டு, கெளம்புடான்னு சொல்லிட்டாக."

சூசை தார்ப்பாயிலேயே உட்கார்ந்துவிட்டான். கார் வந்து சேர்ந்தபோது பின் பம்பரில் கருவேலங் கிளை ஒன்று செருகிக்கொண்டிருந்தது. பெனோ இறங்கினதும் நேரே தண்ணிப் பானைப் பக்கம் போய், செம்பு செம்பாக மோந்து தலையில் ஊற்றிக்கொண்டான். சகாயராணி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சூசை பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். நெற்றியில் வேர்வையோடு செம்மண் அப்பியிருந்தது.

"கம்பி இன்னும் இருக்குல்ல?"

சூசை வாயைத் திறந்தான். அதற்குள் அவளே சொன்னாள். "ரெண்டு வருசம் அந்தக் கம்பி மேலதான உக்காந்து வந்தேன்? மொத வளைவுலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் நிறுத்தச் சொல்லல?"

"நிறுத்துனா ஏன்னு கேப்பான். என்னன்னு சொல்ல? எம்புருசன் சாமியார் முன்னாடி நின்னு பொய் சொல்லிட்டாருன்னா?" குரல் உயரவில்லை. "மெதுவாப் போடா, மெதுவாப் போடான்னு கெஞ்சிக்கிட்டே வந்தேன். மடைக்கிட்ட மட்டும் கேக்கல. 'கழட்டிட்டாகன்னு நீதான சொன்ன'ங்கிறான்."

"ராணி, நான் வேணும்னு..."

"வேணும்னுதான். எனக்கு விளக்கம் வேணாம். அவன் தண்ணி ஊத்திக்கிட்டு வாரதுக்குள்ள கழட்டுங்க. கழட்டலைன்னாலும் நான் ஏறத்தான் போறேன். அவனத் தனியா அனுப்ப மாட்டேன்."

சூசை காருக்கு அடியில் நுழைந்தான். முதுகு விண்ணென்று தெறித்தது. நேற்றுத் திரும்பாத கை இன்றைக்குத் திரும்பியது. ஒரு பக்கத்து போல்ட், இன்னொரு பக்கத்து போல்ட். கம்பியை உருவி வெளியே தள்ளினான். சகாயராணி அதைத் துண்டில் சுற்றி, யாரும் பார்க்காமல் அவர்கள் வீட்டு ஜீப்பின் பின்பக்கம் போட்டுவிட்டு வந்தாள்.

பெனோ தலை சொட்டச் சொட்ட வந்தான். "என்ன மச்சான் பாத்தீக? நேத்தே எல்லாம் முடிச்சாச்சுன்னீகளே."

சூசை கையில் அப்பின கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டயர்ல காத்து கூடிருச்சுடா. கொறச்சுருக்காரு. ஏறு," என்றாள் சகாயராணி.

புருசனைக் காட்டிக்கொடுக்காமல் பொய் சொன்னாள். நன்றி பொங்கியிருக்க வேண்டும். அவனுக்கோ செவிட்டில் ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

உட்கார்ந்திருக்க முடியாமல் வீரையாவின் மொபெட்டில் தொற்றிக்கொண்டு மடை வளைவுக்கே போனான். ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகு கத்தியது, போகட்டும். கரையில் ஜனம் கூடிவிட்டது. காலையில் கார் தொங்கின இடத்தை விரலால் காட்டிக் காட்டிப் பேசினார்கள். சத்தம் முதலில் வந்தது, புழுதி பின்னால், அப்புறம் கார். பெனோ வளைவுக்கு முன்னால் காலை எடுத்தான். சத்தம் இறங்கியதிலேயே சூசைக்குத் தெரிந்துவிட்டது. வால் வரவில்லை. கார் வெளிப்பக்கம் லேசாய்ச் சாய்ந்து, நான்கு டயரும் மண்ணைக் கவ்வ, மடையைச் சுற்றித் திரும்பிக்கொண்டு போனது. கண்ணாடிக்குள் சகாயராணியின் தலை பேப்பரில் குனிந்திருந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

எவ்வளவு அழகாகப் போகிறது! தன் கைவேலைதானே என்று ஒரு பக்கம் மனசு துள்ளியது. இதைத்தானே நேற்றே செய்திருக்கலாம் என்று இன்னொரு பக்கம் காறித் துப்பியது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பழைய எரிச்சல் எங்கேயும் போகாமல் அப்படியேதான் கிடந்தது, வெட்கங்கெட்ட எரிச்சல்.

சாயந்தரம் மைக்கில் நேரம் வாசித்தார்கள். சூசையின் நேரம் முறிந்தது. கொஞ்ச நஞ்சமாக இல்லை, நன்றாகவே முறிந்தது. பெனோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மச்சானைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் இவுக செட்டிங்குதான்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான். ஆளாளுக்கு சூசையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வீரையா, "சட்டையத் தச்சுட்டியேப்பா!" என்று முதுகில் தட்டப்போய், ஞாபகம் வந்து தோளில் தட்டினான். சூசை சிரித்தான். நேரம் போனதற்காக அழவேண்டும் என்று ஒரு வருசமாய்ப் பயந்துகொண்டிருந்தவன், அதைத் தேடிப் பார்த்தான். அந்த அழுகை வரவில்லை. அவன் கண் முழுக்கச் சகாயராணி மேலேயே இருந்தது. அவள் அதிவேகச் சுற்றுக்கான கோப்பையை வாங்கித் தம்பி கையில் கொடுத்துவிட்டு, மற்ற டீம்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காரை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளப்காரர்கள் காவலில் விட்டார்கள். பெனோ தன் பைக்கை உதைத்தான்.

"பிரேக்கு பிடிக்குதாடா?" என்றாள் சகாயராணி.

"பிடிக்குதுக்கா."

"சரி, போ."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்டாள், ஒரு வார்த்தை சொன்னான், நம்பிவிட்டாள். அந்தப் பயல்மேல் சூசைக்கு இதுவரை இல்லாத பொறாமை வந்தது. காரும் சீட்டும் நேரமும் அவனே வைத்துக்கொள்ளட்டும், இந்தச் 'சரி' ஒன்று எனக்கு வேண்டும் என்றிருந்தது.

சூசை ஜீப்பில் ஏறி சாவியைத் திருகினான். பக்கத்துக் கதவில் கை வைத்த சகாயராணி ஏறவில்லை. துப்பட்டாவை மடக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஜீப்புக்கு அடியில் பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

"சும்மா."

"ஜீப்புல ஒண்ணும் இல்ல ராணி. நல்லாத்தான் இருக்கு. ஏறு."

அவள் நிமிர்ந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அசதியாய்த்தான் பார்த்தாள்.

"நீங்க சொல்றீக," என்றாள். சொல்லிவிட்டு ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கமும் ஒரு தடவை குனிந்து பார்த்தாள்.